உப்புக் கரைசலின் பிஎச்: அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதுமா?

செம்பூர் அப்பா

எல்லோருக்கும் வணக்கம். மகள் சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்பு. சமநிலைப் பாடத்தில் உப்பின் நீராற்பகுப்பு, அதாவது கரைந்த உப்பு தண்ணீரோடு செய்யும் வினை, நடக்கிறது. வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் சேர்ந்த உப்பு என்றால் நடுநிலை; அமிலம் மட்டும் வலுவானது என்றால் கரைசல் அமிலம்; காரம் மட்டும் வலுவானது என்றால் கரைசல் காரம்; இரண்டுமே வலிமை குறைந்தவை என்றால் மறுபடியும் நடுநிலை. இந்த நாலு வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

வகுப்புத் தேர்வில் மூன்று கேள்வி வந்தது. அம்மோனியம் ஃபுளூரைடு கரைசல் அமிலமா, காரமா? சோடியம் பைசல்பேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா? படிகாரக் கரைசல் நீல லிட்மஸைச் சிவப்பாக்குவது ஏன்? மூன்றிலும் அந்த நாலு வரி உதவவில்லை.

நான் வணிகவியல் படித்தவன். எனக்கு அடிப்படையே புரியவில்லை. அமிலமும் காரமும் சேர்ந்தால் நடுநிலையாக்கல் என்றுதானே சொல்கிறார்கள்? ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு கிடைக்கும் உப்பில் மறுபடி அமிலத்தன்மை எங்கிருந்து வருகிறது? பொறுமையாகச் சொல்லித் தர யாராவது இருந்தால் நன்றாக இருக்கும்.

முலுண்ட் ஜேஇஇ

அங்கிள், முதல் கேள்விக்குச் சூத்திரம் இருக்கிறது. இரண்டும் வலிமை குறைந்தவை என்றால் பிஎச் = 7 + ½ (பிகேஏ − பிகேபி). பிகேஏ அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், பிகேபி காரத்துக்கு; எண் சின்னதானால் வலிமை கூடுதல். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்துக்குப் பிகேஏ 3.17, அம்மோனியாவுக்குப் பிகேபி 4.75. போட்டால் 6.2 வரும். 7க்குக் கீழே, அதனால் அமிலம். செறிவு இந்தச் சூத்திரத்தில் வரவே வராது, அதனால் வேகமாகப் போட்டுவிடலாம்.

அட்டவணையின் நாலாவது வரி தப்பாக மனப்பாடம் ஆகியிருக்கிறது. அம்மோனியம் அசிட்டேட்டில் பிகேஏ 4.76, பிகேபி 4.75, கிட்டத்தட்ட சமம். அதனால்தான் அது 7. எல்லா வகுப்பிலும் அதையே உதாரணமாகக் காட்டுவதால் எல்லா வலிமை குறைந்த ஜோடியும் 7 என்று மனசில் பதிந்துவிடுகிறது. அம்மோனியம் சயனைடு 9.2 வரை போகும். சூத்திரம் தெரிந்தால் போதும், இதில் வேறு விஷயம் இல்லை.

கிங்ஸ் சர்க்கிள் மாமி

முலுண்ட் தம்பி போட்ட கணக்கு சரி. ஆனால் "வேறு விஷயம் இல்லை" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு பைசல்பேட்டையும் படிகாரத்தையும் போட முடியுமா, சொல்லுங்கள். செம்பூர் அப்பா கேட்டதுதான் முக்கியமான கேள்வி. கல்லூரியில் பாடம் எடுத்த காலம் முழுக்கப் பிள்ளைகள் இடறி விழுந்த இடமும் அதுவே. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நடுநிலையாக்கல் முடிந்ததும் கரைசலில் பழைய அமிலமும் இல்லை, பழைய காரமும் இல்லை. இருப்பது இரண்டு அயனிகள், அப்புறம் ஏராளமான தண்ணீர். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த அயனிகளில் எதற்காவது தண்ணீரோடு புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி, கொடுக்கல் வாங்கல் உண்டா?

குளோரைடு அயனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் விழுந்ததுமே புரோட்டானை முழுசாகக் கொடுத்துவிடுகிற அமிலம். அப்படி உதறிவிட்டு வந்த குளோரைடு மறுபடி தண்ணீரிடம் போய்ப் புரோட்டான் கேட்காது. சோடியம் அயனிக்கும் தண்ணீரிடம் பெரிய பிடி கிடையாது. ஆக சாதா உப்புக் கரைசலில் கொடுக்கல் வாங்கல் இல்லை, பிஎச் 7.

அசிட்டேட் அப்படி இல்லை. அசிட்டிக் அமிலம் புரோட்டானை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற அமிலம், எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கும் என்று காட்டும் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ தான். புரோட்டான் போன பிறகு மிஞ்சும் அசிட்டேட்டுக்கு, அதாவது அதன் இணை காரத்துக்கு, புரோட்டான் மேல் ஆசை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தண்ணீரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது. புரோட்டானைக் கொடுத்த தண்ணீர் மூலக்கூறு ஹைட்ராக்சைடு அயனியாக நிற்கிறது. கரைசல் காரமாகிறது. அம்மோனியம் குளோரைடில் இதே கதை எதிர்த் திசையில் நடக்கும்: அம்மோனியம் தண்ணீருக்குப் புரோட்டானைக் கொடுக்கிறது, ஹைட்ரோனியம் கூடுகிறது, 0.1 மோலாரில் (லிட்டருக்கு 0.1 மோல்) பிஎச் 5.1 வாக்கில் வரும்.

1923ல் கோபன்ஹேகனில் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தில் லௌரியும் தனித்தனியே சொன்னது இதைத்தான். அமிலம் என்றால் புரோட்டான் கொடுப்பது, காரம் என்றால் வாங்குவது. அந்தப் பார்வையில் நீராற்பகுப்பு தனி வினையே அல்ல. பாடப்புத்தகம் தனித் தலைப்பு போடுவதால் பிள்ளைகள் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள்.

வீட்டில் பார்க்க வேண்டுமானால் வேட்டியில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு போட்டுப் பாருங்கள். மஞ்சள் கறை சிவந்து போகும், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அந்தக் கொழுப்பு அமில அயனி தண்ணீரிடம் புரோட்டானை வாங்கி ஹைட்ராக்சைடை விட்டுவிடுகிறது. மஞ்சளின் நிறம் பிஎச் 7.4 தாண்டியதும் மாற ஆரம்பித்து 8.6 வாக்கில் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே ஓர் உப்பு செய்கிறது.

செம்பூர் அப்பா

மாமி, ரொம்ப நன்றி. மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அவள் ஒன்று கேட்கிறாள். "வலிமை குறைந்த அமிலத்தின் இணை காரம் வலிமை மிக்கது" என்று நோட்டில் எழுதியிருக்கிறார்களாம். அப்படியானால் அசிட்டேட் எல்லாம் போய்த் தண்ணீரிடம் புரோட்டான் வாங்கிவிடுமே, பிஎச் 13 வர வேண்டாமா என்கிறாள்.

கிங்ஸ் சர்க்கிள் மாமி

நல்ல கேள்வி, அந்த வரியை நோட்டில் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அசிட்டேட் வலிமை மிக்க காரம் அல்ல, குளோரைடைவிட வலிமை கூடியது, அவ்வளவே. கணக்கு போட்டால் தெரிந்துவிடும்.

அசிட்டேட்டின் காரப் பிரிகை மாறிலி, தண்ணீரின் அயனிப் பெருக்கமான 10⁻¹⁴ ஐ 1.8 × 10⁻⁵ ஆல் வகுத்தால் வருவது: 5.6 × 10⁻¹⁰. அம்மோனியாவோடு ஒப்பிட்டால்கூட எத்தனையோ மடங்கு நோஞ்சான். 0.1 மோலார் சோடியம் அசிட்டேட்டில் ஹைட்ராக்சைடு செறிவு 5.6 × 10⁻¹¹ இன் வர்க்கமூலம், அதாவது 7.5 × 10⁻⁶. ஒரு லட்சம் அசிட்டேட் அயனிகளில் ஏழோ எட்டோதான் புரோட்டான் வாங்கியிருக்கின்றன! மீதி அத்தனையும் சும்மா நீந்திக்கொண்டிருக்கின்றன.

அப்படியும் பிஎச் 8.87 வந்துவிடுகிறது. காரணம், சுத்தத் தண்ணீரில் ஹைட்ராக்சைடு இருப்பதே 10⁻⁷ மோலார்தான். அந்தக் கொஞ்சத்தோடு பார்த்தால் 7.5 × 10⁻⁶ என்பது எழுபத்தைந்து மடங்கு. ஏழையின் கையில் நூறு ரூபாய் விழுந்த மாதிரி, சின்னத் தொகையே பெரிய மாற்றமாகத் தெரிகிறது. பிஎச் ஒரு மடக்கை அளவு, ஓர் அலகு என்றால் பத்து மடங்கு என்பதை இந்த இடத்தில் பிள்ளைக்கு ஒரு தடவை காட்டிவிட்டால் போதும். அப்புறம் 8.87 என்ற எண்ணைப் பார்த்து "நிறைய வினை நடந்திருக்கிறது" என்று நினைக்க மாட்டாள்.

சலவைச் சோடாவில் நிலைமை வேறு. கார்பனேட் அயனிக்கு ஆசை அதிகம். 0.1 மோலாரில் நூற்றுக்கு நாலைந்து அயனிகள் புரோட்டான் வாங்கிவிடும், பிஎச் 11.6 தாண்டும். துணி துவைக்கிறவர்களின் கை வழவழப்பாகி எரிவது அதனால்தான்.

முலுண்ட் ஜேஇஇ

> அந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு பைசல்பேட்டையும் படிகாரத்தையும் போட முடியுமா

மாமி, பைகார்பனேட்டுக்கு வேறு சூத்திரம் இருக்கிறது. இரண்டு பிகேஏவின் சராசரி. 6.35ம் 10.33ம் கூட்டி இரண்டால் வகுத்தால் 8.34. பைசல்பேட்டுக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது என்று தெரியும், ஏன் என்று தெரியவில்லை. தேர்வு அறையில் ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடையாது. அங்கே உட்கார்ந்து யோசிக்க முடியாது என்பதும் உண்மைதானே?

கிங்ஸ் சர்க்கிள் மாமி

நேரம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் யோசனையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும் என்கிறேன்.

பைகார்பனேட், பைசல்பேட் இரண்டிலும் ஒரு புரோட்டான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இரண்டு வழி உண்டு: இருப்பதைக் கொடுக்கலாம், அல்லது இன்னொன்றை வாங்கலாம். எது ஓங்கும் என்று பார்க்க வேண்டும். பைகார்பனேட் கொடுக்கும் ஆற்றல், அதாவது அமிலப் பிரிகை மாறிலி, 4.7 × 10⁻¹¹. வாங்கும் ஆற்றல், அதாவது காரப் பிரிகை மாறிலி, 2.2 × 10⁻⁸. வாங்குவது ஓங்குகிறது, கரைசல் லேசான காரம். பைசல்பேட் கொடுக்கும் ஆற்றல் 0.012, அது பெரிய எண். வாங்கும் ஆற்றல் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் வாங்கினால் அது கந்தக அமிலமாக வேண்டும், கந்தக அமிலமோ முதல் புரோட்டானை வைத்துக்கொள்ளவே வைத்துக்கொள்ளாது. ஆக கொடுப்பது மட்டுமே நடக்கும். 0.1 மோலார் சோடியம் பைசல்பேட்டின் பிஎச் 1.5 வாக்கில் வரும். கழிப்பறை சுத்தம் செய்யும் சில பொடிகளில் இதைப் போடுவதும் அதனால்தான்.

அட்டவணைப்படி பார்த்தால் பைசல்பேட்டில் குழப்பம் வரும். சோடியம் பைசல்பேட் வலிமைமிகு அமிலம், வலிமைமிகு காரம் சேர்ந்தது, ஆகவே நடுநிலை என்று எழுதிவிடுவார்கள். உப்பு எந்த வீட்டில் பிறந்தது என்று பார்க்காமல், கரைந்த பிறகு கையில் என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

படிகாரத்துக்கு வருகிறேன். அதில் பொட்டாசியம், சல்பேட், அலுமினியம் மூன்றும் இருக்கின்றன. பொட்டாசியத்தை விடுங்கள். சல்பேட் வாங்குவது மிகக் குறைவு. அலுமினியம்தான் ஆள். மூன்று நேர்மின்சுமை, சின்ன உருவம். தண்ணீரில் போட்டதும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த இழுப்பில் ஆக்சிஜனின் எலெக்ட்ரான்கள் அலுமினியம் பக்கம் சாய்கின்றன. அதனால் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு தளர்ந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரே ஒரு புரோட்டானை வெளியே விட்டுவிடுகிறது. இதன் பிகேஏ 5 வாக்கில், அதாவது அசிட்டிக் அமிலத்துக்குப் பக்கத்தில். 0.1 மோலார் அலுமினிய உப்பின் பிஎச் ஏறத்தாழ 3. நீல லிட்மஸ் சிவக்காமல் என்ன செய்யும்?

மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால் குடத்தில் படிகாரக் கட்டியைச் சுற்றுகிறோமே, அங்கே நடப்பதும் இதன் தொடர்ச்சி. தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் பைகார்பனேட் அந்தப் புரோட்டான்களை வாங்கிக்கொள்வதால் வினை மேலும் மேலும் முன்னே போய், அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு போலத் திரண்டு மண்ணைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. மும்பைக்குத் தண்ணீர் தான்சா, பாட்சா, வைதர்ணா ஏரிகளிலிருந்து வருகிறது. எல்லாம் மழைத் தண்ணீர், பைகார்பனேட் குறைவு. அதனால் குடத்தில் படிகாரத்தை அளவுக்கு மேல் சுற்றினால் பிஎச் இறங்கி, பஞ்சு திரளாமல் அலுமினியம் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். இரண்டு சுற்று போதும்.

தாராவி அண்ணாச்சி

மாமி சொன்ன அலுமினியக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்து தாராவியில் தோல் வேலையில் இருந்தது. இப்போது இங்கே பதனிடுவது பெரிதும் குறைந்து, பை, பெல்ட் தைப்பதுதான் அதிகம். நான் பதனிடும் வேலையைப் பார்த்து வளர்ந்தவன். நீராற்பகுப்பு என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் வேலை முழுக்க அதை வைத்துத்தான் நடக்கும்.

சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய தோலை முதலில் உப்பும் கந்தக அமிலமும் போட்ட பிக்கிள் தண்ணீரில் சுற்றி, பிஎச்சை 3க்கு இறக்குவார்கள். உப்பு போடாமல் அமிலம் மட்டும் போட்டால் தோல் உப்பிப் போகும். அப்புறம் டிரம்மில் குரோமியம் சல்பேட் பொடி போடுவார்கள். பச்சை கலந்த நீலமாகத் தண்ணீர் மாறும். இந்தக் கட்டத்தில் குரோமியம் தோலுக்குள்ளே நுழையும், ஆனால் பிடித்துக்கொள்ளாது. உள்ளே வரை போய்ச் சேர்ந்த பிறகு சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் விடுவார்கள். பிஎச் 3.8, 4 வரை ஏறும். அப்போதுதான் குரோமியம் தோலைப் பிடிக்கும்.

அவசரப்பட்டு சோடாவை மொத்தமாகக் கொட்டினால் போச்சு. மேல் பக்கம் மட்டும் நீலம் ஏறி முரடாகிவிடும், நடுவில் பதப்படாத தோலாகவே நிற்கும். அதைப் பார்க்கத் தோலின் தடித்த இடத்தில், பெரும்பாலும் கழுத்துப் பக்கம், சின்னத் துண்டு வெட்டுவார்கள். வெட்டுவாயில் புரோமோகிரீசால் பச்சை என்ற நிறங்காட்டி ஒரு சொட்டு. மஞ்சளாக நின்றால் இன்னும் அமிலம், பச்சை கலந்து வந்தால் சரி, நீலம் என்றால் தாண்டிப் போய்விட்டது. விளிம்பிலிருந்து நடுவரை ஒரே நிறம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அப்புறம் இன்னொரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் வந்தால் டிரம்மை நிறுத்தலாம்.

சோடா போட்டால் ஏன் பிடிக்கிறது என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன், "புளிப்பு போனால் பிடிக்கும்" என்பார்கள். மாமி சொல்வதோடு சேர்த்துப் பார்த்தால் குரோமியமும் அலுமினியம் மாதிரி தண்ணீரைச் சுற்றி வைத்துக்கொண்டு புரோட்டானை விடுகிற ஆள்தானா?

கிங்ஸ் சர்க்கிள் மாமி

அதே ஆள்தான் அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் கைதேர்ந்த ஆள். குரோமியத்தின் பிகேஏ 4 வாக்கில், அலுமினியத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் அமிலம். புரோட்டான் போன இடத்தில் ஹைட்ராக்சைடு நிற்கும். அந்த ஹைட்ராக்சைடைப் பக்கத்துக் குரோமியமும் பிடித்துக்கொள்ளும். இப்படி இரண்டு, மூன்று குரோமியங்கள் கோத்துக்கொண்டு பெரிய கூட்டமாகும். அந்தக் கூட்டம் தோலின் புரதமான கொலாஜனில் இருக்கும் கார்பாக்சிலேட் கைகளைப் பிடித்து இழைகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது.

பிஎச் 3ல் புரோட்டான்கள் நிறைய இருப்பதால் நீராற்பகுப்பு முன்னே போக முடியாது, கூட்டம் சின்னதாகவே இருக்கும், கொலாஜனின் கைகளும் புரோட்டானோடு மூடிக்கிடக்கும். அதனால்தான் உள்ளே வரை நுழைகிறது. சோடா புரோட்டானைத் தின்னத் தின்ன சமநிலை முன்னே நகர்கிறது. விளைபொருளை எடுத்துவிட்டால் சமநிலை அந்தப் பக்கமே நகரும் என்கிற லெ சாட்லியர் கொள்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. செம்பூர் அப்பா, மகளை இந்தப் பதிவை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

படிகாரத்தை வைத்தும் தோல் பதப்படுத்துவது பழைய வழக்கம். ஆனால் அலுமினியத்தின் பிடி அவ்வளவு நிலையானது அல்ல, தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். குரோமியம் விடாது.

தானே ஆய்வகம்

மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. அளப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வீட்டில் அளந்துவிட்டுப் பாடம் தப்பு என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

சாதா உப்புக் கரைசலை பிஎச் தாளில் தொட்டால் பெரும்பாலும் 7 காட்டாது. 5.5, 6 என்று காட்டும். உப்பில் குறை இல்லை. காய்ச்சி வடித்த நீர் காற்றில் திறந்திருந்தாலே கார்பன் டை ஆக்சைடை வாங்கி 5.6 வரை இறங்கிவிடும். அதைத் தடுக்கக் கரைசலில் தாங்கல், அதாவது பிஎச்சை மாறவிடாமல் பிடித்துவைக்கும் பொருள், எதுவும் இல்லை. தாளில் இருக்கும் சாயமே ஒரு பலவீனமான அமிலம், அதுவும் அளவைக் கொஞ்சம் நகர்த்தும். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்து, உடனே உப்பைக் கரைத்து அளந்தால் 7க்குப் பக்கத்தில் வரும். மின்முனை வைத்த மீட்டரிலும் இதே தொல்லை உண்டு, எண் நிலைக்காமல் அலைந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, 7 நடுநிலை என்பது 25 டிகிரிக்கு. கொதிக்கும் தண்ணீரில் நடுநிலை 6.1 வாக்கில் இருக்கும். சூடாக இருக்கும்போதே அளந்துவிட்டு அமிலம் என்று எழுதக் கூடாது.

மாமி சொன்ன மஞ்சள் நல்ல நிறங்காட்டி, ஆனால் காரத்துக்கு மட்டும். அமிலத்திலும் நடுநிலையிலும் அது மஞ்சளாகவேதான் இருக்கும். நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு மாதிரி உப்புக்கு சங்குப்பூச் சாறு வைத்துப் பாருங்கள். அமிலம் கூடக்கூட நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்புப் பக்கம் போகும், காரத்தில் பச்சையாகும். நவச்சாரம் 5 வாக்கில்தான் என்பதால் மாற்றம் லேசாக இருக்கும், பக்கத்தில் வெறும் தண்ணீரில் ஒரு டம்ளர் வைத்து ஒப்பிட வேண்டும். படிகாரத்துக்கு மட்டும் பூச்சாறு, சிவப்பு முட்டைக்கோஸ் சாறு இரண்டையும் நம்பாதீர்கள். அலுமினியம் சில நிறமிகளோடு தானே சேர்ந்து நிறத்தை மாற்றிவிடும். அதற்குத் தாள்தான்.

வாஷி மாடித்தோட்டம்

இது சம்பந்தமாக ஒரு சந்தேகம். தொட்டிச் செடிகளுக்கு அம்மோனியம் சல்பேட் போட்டு வந்தேன். மண்ணின் பிஎச் நாளாக ஆக இறங்கிக்கொண்டே வருகிறது, கறிவேப்பிலை சோர்ந்து நிற்கிறது. இதுவும் அம்மோனியம் தண்ணீருக்குப் புரோட்டான் கொடுப்பதால்தானே?

தானே ஆய்வகம்

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை. நீராற்பகுப்பால் கிடைக்கும் புரோட்டான் மிகக் கொஞ்சம். மண்ணில் இருக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் மாதிரி நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த வினையில் ஒரு அம்மோனியத்துக்கு இரண்டு புரோட்டான் வெளியே வரும். நீராற்பகுப்பில் லட்சத்தில் சில அயனிகள்தான் கொடுக்கின்றன. இங்கே ஒவ்வொரு அயனியும் கணக்கில் சேர்கிறது. அதனால்தான் போட்ட அன்றைக்கு இல்லாமல் வாரக்கணக்கில் இறங்குகிறது.

கொஞ்ச நாள் அம்மோனியம் உரத்தை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புத் தூளை அளவாகக் கலந்து பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டாம். காரம் பட்டதும் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும், உரம் வீண்.

செம்பூர் அப்பா

ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் செய்து பார்த்தோம். சமையல் சோடாக் கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்தாள். பிறகு இரண்டிலும் ஒரே அளவு மஞ்சள் தண்ணீர் விட்டாள். கொதிக்காதது ஆரஞ்சு மாதிரி லேசாக மாறியது. கொதித்தது நல்ல சிவப்பு. ஆரத்தி நிறமேதான். பைகார்பனேட் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை விட்டு கார்பனேட் ஆகிறது, கார்பனேட்டுக்கு வாங்கும் ஆசை அதிகம், அதனால் சிவப்பு என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். மஞ்சளைச் சேர்த்த பிறகு கொதிக்க வைக்கலாமா என்று கேட்டாள்.

கிங்ஸ் சர்க்கிள் மாமி

வேண்டாம். சூடும் காரமும் சேர்ந்தால் மஞ்சளின் நிறமி சிதைந்துவிடும், நிறம் மங்கிப் பழுப்பாகும். அவள் செய்த வரிசைதான் சரி: கொதிக்கவை, ஆறவை, பிறகு மஞ்சள்.

முலுண்ட் ஜேஇஇ

மாமி, ஒரு சந்தேகம். கரைசலை நீர்க்க வைத்தால் நீராற்பகுப்பு கூடும் என்று படித்தேன். கூடினால் சோடியம் அசிட்டேட்டின் பிஎச் இன்னும் ஏற வேண்டும். கணக்கு போட்டால் இறங்குகிறது. 0.001 மோலாரில் 7.9 வருகிறது. எது சரி?

கிங்ஸ் சர்க்கிள் மாமி

இரண்டும் சரி. கூடுவது விகிதம். 0.1 மோலாரில் லட்சத்துக்கு ஏழு எட்டு என்றோமே, 0.001 மோலாரில் அது லட்சத்துக்கு எழுபத்தைந்து ஆகும். ஆனால் மொத்த அசிட்டேட்டே நூறில் ஒரு பங்காகிவிட்டது. விகிதம் பத்து மடங்கு கூடி, ஆள் நூறு மடங்கு குறைந்தால் ஹைட்ராக்சைடு பத்து மடங்கு குறையத்தானே செய்யும்? அதனால் பிஎச் ஓர் அலகு இறங்கி 7ஐ நோக்கி வருகிறது. பார்த்தீர்களா தம்பி, சூத்திரம் விடையைக் கொடுத்துவிட்டது, ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை.

செம்பூர் அப்பா

இது மகள் தட்டுவது. மாமி, நானாக ஒன்று போட்டுப் பார்த்தேன். சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் இரண்டும். பாஸ்பாரிக் அமிலத்தின் பிகேஏ 2.15, 7.20, 12.35. முதல் உப்பில் கொடுக்கும் ஆற்றல் 6.3 × 10⁻⁸, வாங்கும் ஆற்றல் 1.4 × 10⁻¹². கொடுப்பது ஓங்குவதால் அமிலம். சராசரி 4.7. இரண்டாவதில் கொடுப்பது 4.5 × 10⁻¹³, வாங்குவது 1.6 × 10⁻⁷. வாங்குவது ஓங்குவதால் காரம், சராசரி 9.8. சரியா? அப்பா பிஎச் மீட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதில் அளந்து பார்க்கலாமா?

தானே ஆய்வகம்

மீட்டர் வாங்கும்போது 4, 7, 9.2 தாங்கல் மாத்திரைகளையும் சேர்த்து வாங்குங்கள். மரைன் லைன்ஸில் இறங்கி பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கம் போனால் ஆய்வகச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மீட்டரைச் சரிபார்த்த பிறகுதான் அளக்க வேண்டும். மின்முனையை ஒருபோதும் வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடாதீர்கள், சீக்கிரம் கெட்டுவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும்.

கிங்ஸ் சர்க்கிள் மாமி

இரண்டு விடையும் சரி, காரணமும் சரி. அளக்கும்போது 0.1 மோலார் கரைசலாக எடுத்துக்கொள் கண்ணு. முதல் உப்பை ரொம்ப நீர்க்க வைத்தால் சராசரிச் சூத்திரம் விலகிவிடும். 0.001 மோலாரில் 4.7க்குப் பதில் 5.1 வரும், ஏனென்றால் பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் பிரிகை மாறிலி 7 × 10⁻³ அப்போது செறிவைவிடப் பெரிதாகிவிடுகிறது. அந்த வேறுபாட்டை உன் மீட்டரிலேயே பார்க்கலாம். எண்களை இங்கே போடு, நானும் தானே ஆய்வகமும் பார்க்கிறோம்.